விரத நாட்களில் எடுத்த அளவு

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரச் செலவைக் குறைக்க வழி சொல்லும்படி என்னை அனுப்பினார்கள். யாழ்ப்பாண நகரை ஒட்டிய கடலோரம், சின்ன நிலையம். மீன்சந்தை கழுவும் தண்ணீர் முழுக்க அங்கேதான் வரும். தொட்டிக்குள் இரண்டு மோட்டார்கள் ஓயாமல் காற்று ஊதும். காற்று இருந்தால்தான் கிருமிகள் அழுக்கைத் தின்னும். எவ்வளவு காற்று போதும் என்று கணித மாதிரி போட்டுச் சொல்வது என் வேலை.

தண்ணீரை அளந்து பார்க்க நான் தேர்ந்தெடுத்தது நல்லூர்த் திருவிழா நாட்களை. நான் விரதம். அந்த நாட்களில் மீன் வெடுக்கு குறைவு, மூக்கைப் பொத்தாமல் நிற்கலாம். என்ன வெட்கங்கெட்ட காரணம்!

மோட்டார்களைப் பார்த்துக்கொண்ட அண்ணை குருநகர்க்காரர், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். அவர் கேட்டார்:

“மிஸ், கொடி ஏறினாப் பிறகு சனம் மீன் வாங்காது. உந்தக் கணக்கு சரிவருமோ?”

“அதெல்லாம் மாதிரி பாத்துக்கொள்ளும் அண்ணை.”

அவர் மோட்டார்ப் பக்கம் திரும்பிப் போனார். ஒரு மோட்டாரை நிறுத்தலாம் என்று என் கணக்கு சொன்னது. மேலிடத்தில் கைதட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

திருவிழா முடிந்தது. சந்தையில் மீன் குவிந்தது. இரத்தமும் செதிலும் குடலும் கலந்த தண்ணீர் வந்து சேர, ஒற்றை மோட்டார் ஊதிய காற்று போதாமல் தொட்டி அழுகியது. மற்ற மோட்டாரைத் திரும்பப் போட அண்ணை கேட்டாராம். என் அறிக்கையில் அப்படி இல்லை என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்களாம். அரைகுறையாய்ச் சுத்தமான தண்ணீர், வழக்கமாக விடும் பின்பக்கக் குழி வழியே நிலத்துக்குள் இறங்கியது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாய். இறங்கியது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணையின் கிணற்றில் போய் நின்றது.

கேள்விப்பட்டதும் ஓடினேன். நிலையத்துக்குப் பின்னால்தான் அவர் வீடு. ஒரு வாளி அள்ளிக் காட்டினார். கிட்டக் குனிய முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது கிணற்றையே கெடுத்திருந்தது. “நான்தான் அண்ணை பிழை விட்டனான்” என்றேன். “ஓம்” என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிய கை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. ஒரு கணம்தான். அண்ணை கண்டுவிட்டார்.

“பயப்பிடாமக் குடியுங்கோ மிஸ். உங்களுக்கெண்டு போத்தில் தண்ணி வாங்கித்தான் போட்டது.”