மகளோடு படிக்க வந்தவள்

உறையூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் செவிலியர் உதவியாளர் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள்தான் அதிகம் வருவார்கள். சில வருடங்களுக்கு முன் காட்டூரிலிருந்து ஒருத்தி மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டில் இருந்தாள்.

"பகல்ல இவளப் பாத்துக்க ஆள் இல்ல மிஸ். சத்தம் போட மாட்டா."

உண்மைதான். அந்தக் குழந்தை சத்தமே போடவில்லை. மூன்று வயதுக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்கப் பழகிய அன்று, பக்கத்தில் இருந்தவள் இவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள். பட்டை இறுக இறுக இவள் முகம் வெளிறியது. "விடுங்க, விடுங்க" என்று அலறி, அதைப் பிய்த்தெறிந்துவிட்டு வராந்தாவில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தாள். நான் எழுவதற்குள் மகள் அவளிடம் போய்விட்டாள். அம்மாவின் கன்னத்தைத் தடவி, "அப்பா இல்லம்மா, அப்பா இங்க இல்ல" என்றாள். அது அவளுக்குப் பழகிய வேலைபோல இருந்தது.

"கையக் கட்டிட்டுத்தான் அடிப்பாரு மிஸ்" என்று பிறகு தாய் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

"இனிமே உனக்கு யாரும் பட்டையச் சுத்த மாட்டாங்கம்மா. நீ மத்தவங்களுக்குப் பாரு, போதும்" என்றேன்.

தேர்வுகளின்போது குழந்தை என் மடியில் இருந்தது. அவள் நன்றாகவே தேறினாள். வேலைக்கு நானே ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

"நைட் டூட்டி கட்டாயம் மேடம்" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர்.

"பிள்ளை இனி ஸ்கூலுக்குப் போயிடும், பகல்ல எவ்வளவு நேரம்னாலும் பாப்பாங்க சார்" என்று கெஞ்சினேன்.

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க."

ராத்திரியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்ணி சம்மதிக்கவில்லை. வேறு இரண்டு இடங்களிலும் இதே பதில்தான். திரும்பும்போது பஸ்ஸில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க என்ன பண்ணுவீங்க மிஸ்."

போன தீபாவளிக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். சேலை மடித்துக்கொண்டிருந்தாள். "படிச்சதெல்லாம் மறந்துக்கிட்டே வருது மிஸ்" என்றாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, நகர்ந்துவிட்டேன்.

இந்த வருடமும் பிள்ளைகளோடு இரண்டு பேர் சேர வந்தார்கள். ராத்திரி வேலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அப்பப் பாத்துக்கலாம் மிஸ்" என்று சேர்ந்துவிட்டார்கள்.