கேட்டில் செருகியிருந்த மஞ்சள் சீட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. நாலு பிள்ளைகளைப் பெற்று, பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே நாலு பேரையும் ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டினால் பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயர் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் யாரிடமும் கைகட்டி நின்றதில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. போன வருடம் ஆடி மாதம், அவிநாசிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலிலேயே அந்த நினைப்பு என்னைத் தலைகுனிய வைத்தது.

மில்லில் இருபத்திரண்டு வருடம் எனக்குப் பக்கத்து மிஷினில் நின்ற சிநேகிதி ஒருத்தி. என்னைவிட இரண்டு வயது இளையவள். நாலு வீதி தள்ளித்தான் வீடு. இரண்டு பேருக்கும் முட்டி வலி என்பதால் நடந்து போய்ப் பார்த்துக்கொள்வது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் தினமும் சாயங்கால சீரியல் முடிந்த கையோடு அவளிடமிருந்து போன் வந்துவிடும். “ஏனக்கா, அந்த மாமியாக்காரி பண்றதப் பாத்தீங்களா?” என்று ஆரம்பிப்பாள். சீரியலில் ஆரம்பித்து, மில் கதை, மருமகள் கதை, மாத்திரை கதை என்று அரை மணி நேரம் ஓடும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கேபிள்காரர். இருபது வருடப் பழக்கம். மழையில் வயர் அறுந்தாலும் ஏணியோடு வந்துவிடுவார். “உங்க ரெண்டு பேரு ஊட்டுலயும் லைன் போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதுங்கம்மா, அத்தன போன் வருது” என்று சிரிப்பார். வந்தால் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அந்த வருடம் கேபிள் கட்டணத்தை இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் முறை ஏற்றியதோடு, நாங்கள் பார்க்கும் சீரியல் வருகிற சேனலையும் கூடக் காசு கட்ட வேண்டிய பெரிய பேக்கில் தூக்கி வைத்துவிட்டார்கள். ஒரு நாள் டிவியைப் போட்டால் படம் இல்லை, நாலு வரி எழுத்துதான் இருந்தது. இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லையாம், என்னோடு இருக்கும் பேத்தி படித்துச் சொன்னாள். நான் பார்ப்பதே மூன்று சேனல். எந்த நாட்டுப் பேச்சு என்றே தெரியாத நூறு சேனலுக்கும் சேர்த்து நான் ஏன் கட்ட வேண்டும்? அவளைக் கம்பெனி நம்பருக்குப் போன் செய்யச் சொன்னேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. கேபிள் பெட்டிக்கு அடியில் இருக்கும் நம்பரைக் கேட்டது. டிவிக்குப் பின்னால் பேத்தி குனிந்து அதைப் படிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. நாலாவது முறை கிடைத்த பெண், உள்ளூர் ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உள்ளூர் ஆள் என்றால் எங்கள் கேபிள்காரர்தானே. அந்த வாரம் அவர் வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். மேலே இருப்பவர்கள் ஏற்றிவிட்டார்கள் என்றார்.

“ஏனுங், மேல மேலங்கறீங்களே, அந்த மேல இருக்கறவன் மூஞ்சிய நான் ஒரு நாளும் பாத்ததில்ல. மாசாமாசம் உங்க மூஞ்சியத்தான் பாக்கறேன்.”

“எனக்கும் அவங்க மூஞ்சி தெரியாதுங்கம்மா. போன்ல ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான்.”

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். வீதியில் நாலு பேர் நின்று பார்த்ததும் எனக்கு வீராப்பு ஏறிவிட்டது. கம்பத்தில் தொங்குகிற பிழைப்புக்கு ஊரை ஏமாற்றித்தான் சாப்பிட வேண்டுமா என்று கேட்டேன். பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோகச் சொன்னேன். இனி இந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்றும் சொன்னேன். அவர் பெட்டியைக் கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டு, ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

சிநேகிதி கேட்டபோது, சீரியலெல்லாம் சலித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். “எங்க ஊட்டுக்கு வாங்கக்கா, சேந்து பாக்கலாம்” என்று கூப்பிட்டாள். இன்னொருவர் வீட்டில் போய் உட்கார்ந்து டிவி பார்ப்பதா என்று போகவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நாள் போன் செய்தாள். சீரியலைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தாலே, அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன். பார்க்காத கதையைக் கேட்பது எனக்கு அவமானமாக இருந்தது. மெல்ல மெல்ல அவள் போன் வருவதும் நின்றுபோனது.

இரண்டு மாதம் போயிருக்கும். அன்று காலை மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே கேபிள்காரர் வந்து நின்றார். விட்டுப்போன வாடிக்கையாளர்களைத் திரும்பப் பிடிக்க ஒரு மாதம் இலவசம் என்று அந்த நாட்களில் ஆட்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டைத் தொடாமல் வெளியிலேயே நின்றதைப் பார்த்து, நான் சொன்ன சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

“ஒரு சேதி சொல்லோணுங்கம்மா” என்றார்.

“உங்க சேதி எதும் எனக்கு வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவர் மேலும் ஏதோ சொன்னார். கிரைண்டர் சத்தத்தில் காதில் விழவில்லை, நானும் கிரைண்டரை நிறுத்தவில்லை. மாவை வழித்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. கேட்டுக் கம்பியில் மஞ்சள் சீட்டு ஒன்று செருகியிருந்தது. கேபிள் ரசீதின் மஞ்சள் எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி ஸ்டூலை இழுத்தாள். சீட்டு வெளியே வந்தது. எடுத்துப் பிரித்தவள், “அப்பத்தா, இதப் பாத்தீங்களா?” என்றாள். ரசீதின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. என் சிநேகிதி விடியற்காலையில் தவறிப்போய்விட்டாள், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

அப்போது மணி ஐந்தரை.

துக்கம் சொல்ல வருகிறவர் வாசல் தாண்டி உள்ளே வர மாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. எழுபது வயதுக்கு மேல் ஆன எனக்குத் தெரியாததா? அவர் நின்ற நிற்பைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால் கேபிளின் உள்ளூர் சேனலில் படத்தோடு போடுவார்கள். வீதியில் எல்லாரும் அதில் பார்த்துவிட்டு, எனக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். முகம் பார்க்க முடியாமல் போனவள் வீட்டில் அவள் உட்காரும் நாற்காலியைத்தான் பார்த்தேன். அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குச் சொல்லலாம்னு அம்மா போன்ல தேடுனோமுங்க பெரீம்மா. உங்க பேரே இல்ல. நம்பர மனப்பாடமாத்தான் அடிக்கும் போல. சீரியல் முடிஞ்சதும் போனக் கையில வெச்சுட்டே உக்காந்திருக்கும். யாருக்கும்மான்னா, அக்காளுக்கு வேலையா இருக்கும்னு கீழ வெச்சுரும்.”

நேற்று ஏன் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்: “உங்களுக்கு முட்டி ரொம்ப வலியாம், எந்திரிக்கவே முடியலைன்னு கேபிள்கார அண்ணன் சொன்னாருங்க. அவரு உங்க ஊட்டுக்கு வந்துட்டுத்தான இங்க வந்தாரு.”

வீதியில் வைத்து நான் மானத்தை வாங்கிய மனிதர், சாவு வீட்டில் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பொய்யை மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கும் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கேபிள்காரர் கடைக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். “விடுங்கம்மா. படத்த ஏத்தும்போதே நெனச்சனுங்க, உங்க ஊட்டுல லைன் இல்லியேன்னு. இன்னங்கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கோணும், எம் மேலயும் தப்புங்க” என்றார். அந்தத் தப்பில் பங்கு கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து?

அடுத்த வாரம் பெட்டியைத் திரும்ப மாட்ட வந்தார். கேட்டை நானே திறந்துவிட்டேன். வேலை முடிந்ததும், “தண்ணி குடுங்கம்மா” என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தச் சொம்பைத் திரும்ப வாங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்கப்புறமும் ஒரு முறை கட்டணம் ஏறியது. அநியாயம்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குச் சண்டை போட வேண்டிய இடம் எங்கள் வாசல் இல்லை. சீரியல் இன்னும் ஓடுகிறது. முடிந்ததும் என் கை தானாகப் போனைத் தேடுகிறது.

நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதை எழுதினாள். இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும், சும்மா வரும் நோட்டீஸாக இருந்தாலும், அவளைப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்காமல் கீழே வைப்பதில்லை. இதையும் அப்படித்தான்.

மொதல்ல இருந்து ஒருக்காப் படி கண்ணு. நடுவுல நான் எந்திரிச்சுப் போனாலும் நிறுத்தாத.