கப்பலில் வராத மட்கார்டு

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டம் ஆக்கினார்களே, அந்த வருஷம். என் எருமை கிணற்றில் விழுந்து, கயிறு கட்டித் தூக்கியதும் அந்த வருஷம்தான். அப்போது செய்த ஒரு மட்கார்டைப் பற்றி இப்போது பேச வேண்டியதாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை டீக்கடையில், "டிங்கர் தங்கவேலு பூட்டாருங்க, சாயங்காலம் எடுக்கிறாங்க" என்றார்கள். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லி எழுத வைக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருந்த அவர் பட்டறைக்கு நான் அட்டை வெட்டுகிறவன். பழங்காலத்துக் காருக்குத் தகரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே மாதிரி வண்டி எங்கே கிடக்கிறது என்று தேடிப் போய், அதன்மேல் அட்டையை வைத்து அளவு வெட்டி வருவேன். அந்த அட்டையைப் பார்த்துத் தங்கவேலு புதுத் தகரத்தில் அடித்து எடுப்பார்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து பார்ட்ஸ் வியாபாரி ஒருவர் வந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டு, முன்பக்க இடது மட்கார்டு வேண்டும் என்றார். அதன் வலது பக்கமும் ஒட்டுப் போட்டே உருமாறிக் கிடந்ததால், அதை வைத்து அளவெடுக்க முடியாது. காயலான் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். கடைசியில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீட்டில் அதே வண்டி கோழிக்கூடாக நின்றது. எவனோ காண்ட்ராக்டர் விட்டுப்போனது. வீட்டுக்கார அம்மா சாமை புடைத்துக்கொண்டே சிரித்தார். "துருப்புடிச்சதுக்கு இன்னாத்துக்குங்க சட்டை அளவு எடுக்கிறீங்க?"

"வண்டி எங்கியாவது மோதிச்சாம்மா?"

"நிக்கிற வண்டி எங்க போயி மோதும்?"

நானும் நம்பி வெட்டிக்கொண்டு வந்தேன். தங்கவேலு நாலு நாள் அடித்தார். காரில் மாட்டினால் விளக்குக் கிண்ணம் உட்காரவில்லை; மாறுகண் மாதிரி ரோட்டோரத்தைப் பார்த்தது. மலையில் கிடந்த வண்டி அங்கே நிற்பதற்கு முன்னால் எந்தப் பாறையிலோ இடித்திருக்கிறது. அந்த ஒடுக்கையும் சேர்த்து நான் அளவெடுத்திருக்கிறேன். வேறு ஆளாக இருந்தால் அட்டையைக் கிழித்து என் மூஞ்சியில் எறிந்திருப்பான். தங்கவேலு விழுந்து விழுந்து சிரித்தார். "ஆக்சிடென்ட்டுக்கும் சேத்து அளவு எடுத்த ஒரே ஆளு நீங்கதாண்ணா. மறுபடி போயி வலது பக்கத்த வெட்டிக்கினு வாங்க. திருப்பிப் போட்டா இடது." அப்படித்தான் செய்தோம். கிண்ணம் அச்சாக உட்கார்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே கார் எங்கள் பட்டறைக்கே வந்தது. பின்கதவில் கீறல். சொந்தக்காரர் இறங்கியதும் இடது மட்கார்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இது கப்பல்ல வந்த சரக்கு. உங்க சுத்தியல் இதுமேல பட்டுடக் கூடாது" என்றார். வியாபாரி அப்படிச் சொல்லித்தான் விற்றிருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. தங்கவேலுவோ, "சரிங்க, தொடலீங்க" என்று பின்கதவுக்குப் போய்விட்டார். வண்டி போனபின் சண்டைக்குப் போனேன்.

"ஏன்யா, வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"வுடுங்கணா. ஃபாரினுக்குப் போவாமலே ஃபாரின்காரன் ஆயிட்டேன்."

அவர் சிரித்தார். என்னால் இன்றுவரை சிரிக்க முடியவில்லை.

சாவுக்கு அந்த வியாபாரி பெரிய மாலையோடு வந்தார். சுற்றி நின்றவர்களிடம், "நல்ல மனுஷன். சின்னச் சின்ன ஒடுக்கு எடுப்பாரு. பெரிய வேலைன்னா நாங்க வெளிநாட்லேர்ந்துதான் வரவழைப்போம்" என்றார். பிணத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார்! எழுந்து நின்று கேட்டேன். "அந்த இடது மட்கார்டு எந்தக் கப்பல்ல வந்துச்சு? பேரச் சொல்லுங்க."

"பெரியவரே, சாவு வூட்ல இன்னாத்துக்கு வம்பு?" என்றார் வியாபாரி.

ஊரே என் கையைப் பிடித்து உட்காரவைத்தது. பொய் சொன்னவருக்கு நாற்காலி, கேட்டவனுக்கு அதட்டல்! அப்போது பிணத்தின் தலைமாட்டிலிருந்து தங்கவேலுவின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை வியாபாரியின் முகத்துக்கு நேராக நீட்டினார். கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை தழும்பு.

"எம் புருசன் அந்த மட்கார்ட அடிக்கிறப்ப நாந்தான் தகரத்தப் புடிச்சிக்கினு நின்னேன். இத எந்தக் கப்பல்லய்யா அறுத்துக்கினேன்?"

வியாபாரி செருப்பைத் தேடினார்.

தங்கவேலுவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் படாத கோபத்தைத்தான். என் சொல் எடுபடாது என்கிறீர்கள், சரி. மலையில் அந்த அம்மா இல்லை. பட்டறையில் அந்த மட்கார்டுக்குக் காஸ் வெல்டிங் வைத்த யூசுப் இல்லை. இப்போது தங்கவேலுவும் இல்லை. அந்த மட்கார்டு எங்கே பிறந்தது என்று என்னைத் தவிரக் கண்ணால் கண்டவர் இன்னும் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவரிடம் போய்க் கேளுங்கள், உள்ளங்கையைக் காட்டுவார். பெயர் அஞ்சலை.