ஒரு செம்புக் குண்டு குறைகிறது

வெண்டைக்காய் வாங்கினாலும் நுனியை ஒடித்துப் பார்க்கிற ஊரில், ஒடிக்கவே முடியாததைப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போடுவதுதான் குவாலிட்டிக்காரன் பிழைப்பு.

ஓசூரில் எங்களுடையது பதினோரு பேர் வேலை செய்கிற சின்ன லேத் பட்டறை. தண்ணீர்ப் பம்புக்குள் போகிற புஷ் வளையம் கடைந்துகொண்டிருந்தோம். போன வருஷம், உரிமம் வைத்திருக்கிற ஒரு கம்பெனி மூலமாக, பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கு முழுச் செம்புக் குண்டு கடைகிற ஆர்டர் வந்தது. ஈயமே கிடையாது, உள்ளும் புறமும் செம்பு. எல்லாம் வெளிநாட்டுக்கு. வெடிமருந்து நிரப்புவது எங்கள் வேலை இல்லை. அதை அங்கே வேட்டைக்காரர்களே வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொள்வார்களாம். அப்படியும் ஒரு பொழுதுபோக்கா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நிபந்தனை ஒன்று உண்டு. நல்லதோ, கழிவோ, எண்ணிக்கையில் ஒரு குண்டு குறைந்தாலும் ஆர்டர் போய்விடும். பதினோரு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எண்ணிக்கைக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி தூக்கத்திலும் எண்ணிக்கொண்டு கிடக்கிற என் இனத்தாருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

மொட்டை விவகாரம்

எங்கள் ஆபரேட்டர் நாகராஜ் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். போனில் மனைவியிடம், "குண்டு வேலை நடக்குது, வர லேட்டாகும்" என்று தெலுங்கில் சொல்லியிருக்கிறார். தெலுங்கில் குண்டு என்றால் மொட்டைத் தலையும்தான். யாருக்கு என்ன ஆச்சோ, இல்லை இவர் மட்டும் தனியாகத் திருப்பதி போய்விட்டாரோ என்று அந்த அம்மா ஆட்டோ பிடித்துப் பட்டறை கேட்டுக்கே வந்துவிட்டார்.

நாகராஜை வெளியே அழைத்துவந்து நிறுத்தினேன். தொப்பியைக் கழற்றச் சொல்லி, தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம் கேட்டது: "முடி அப்படியே இருக்கே சார், அப்ப இவ்வளவு நேரம் உள்ள என்னதான் பண்றார்?"

ராகிக் கொல்லைக்காரர்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் போர்வெல் மோட்டார் ஷாஃப்டைச் சரிசெய்ய வந்தார். என் மேசையில் இருந்த குண்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். முந்தின வாரம் அவர் ராகிக் கொல்லையில் யானை இறங்கியிருந்தது. "இது யானையை நிறுத்துமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குப் பகீரென்றது. சட்டம், ஜெயில், எல்லாம் சொல்லி, குண்டைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. "சுடறதுக்கு யாருங்க கேட்டாங்க? வரப்பு மேல ரெண்டு வெச்சா, பார்த்துட்டு அதுவே யோசிச்சுப் போவுமேன்னுதான்."

நூற்றுத் தொண்ணூற்றொன்பது

ஒரு வெள்ளிக்கிழமை இருநூறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று குறைந்தது. மூன்று தடவை எண்ணினேன். ஐந்து மணிக்கு வண்டி. அதற்குள் கிடைக்காவிட்டால் கம்பெனிக்கு எழுதிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். செம்புச் சீவல் தொட்டியைக் கொட்டினோம். கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்ட் டேங்கை வடித்தோம். எல்லார் சட்டைப் பையையும் பார்த்தோம், முதலாளி பை உள்பட.

பேக்கிங் பார்க்கிற கௌரம்மாக்கா, "தண்ணி குடிங்க சார், மூஞ்சியே செத்துப்போச்சு" என்று தன் பாட்டிலை நீட்டினார். அண்ணாந்து கவிழ்த்தேன். பல்லில் டொக்கென்று ஏதோ இடித்தது. குண்டு!

செம்புத் தண்ணி முட்டி வலிக்கு நல்லதாம். இவ்வளவு சுத்தமான செம்பு சொம்பிலேயும் கிடையாதே என்று காலையில் போட்டாராம், பேக் பண்ணும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. அப்புறம் மறந்துவிட்டார். நாங்கள் குண்டைத் தேட, அவரும் கூடவே தேடியிருக்கிறார். துடைத்து அளந்தேன். ஒரு மைக்ரான்கூட மாறவில்லை. கோபம் வந்தது, அதைவிட நிம்மதி அதிகமாக வந்தது. ஆனாலும் கேட்டாக வேண்டுமே, பட்டறையைத் தாண்டியிருந்தால் அது வேறு கதை. "அக்கா, இதுக்கு முன்னாடி எப்பவாவது இந்த மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனீங்களா?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "வீட்டுக்கா? அங்க உக்காந்து தண்ணி குடிக்க எனக்கு ஏது சார் நேரம்?"

நாங்கள் கடைந்து அனுப்பிய குண்டெல்லாம் எந்தக் காட்டில் எதன் மேல் பாய்ந்ததோ தெரியாது, என் கண்ணெதிரே பாய்ந்தது அந்த ஒன்றுதான், அதுவும் என் மேல்.