நாலு விரல் யன்னல்

கராஜைச் சூடாக்க எது நல்லது என்று அத்தான் எழுதி வைத்திருந்த தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கோயிலில் கொடுத்த நாட்காட்டியில் கிழித்த தாள் அது. அதன் வெறும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி நான்காகப் பிரித்திருந்தார். விறகு, காஸ், மண்ணெண்ணெய், மின்சாரம். ஒவ்வொன்றின் கீழும் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். கோடை முழுவதும் அது பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கிடந்தது. அக்கா பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "இந்த மனிசன் தேத்தண்ணி குடிக்கிறதெண்டாலும் ரெண்டு பக்கமும் எழுதிப் பாத்துப்போட்டுத்தான் குடிக்கும்" என்பாள். அத்தான் சிரிப்பார். அவர் கோபப்பட்டு நான் கண்டதேயில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து, பியர்பொன்ட்ஸில் இருந்த அவர்களுடைய வீட்டில்தான் தங்கினேன். கிழமை நாட்களில் பின்னேரம் அவர் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போவார். காலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற கராஜுக்குள் இருந்து ரீவியும் வீடியோ டெக்கும் திருத்துவார். அந்த நாட்களில் டெக் இல்லாத தமிழ் வீடு இல்லை. டெக் பழுதானால் அந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. லவாலிலிருந்தும் புரோசார்ட்டிலிருந்தும் படுக்கை விரிப்பில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். அத்தான் அதை வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் தொடமாட்டார். குளிரிலிருந்து வந்த பெட்டிக்குள் ஈரம் படியும், அது காய வேண்டும் என்பார். வந்தவர்கள் அவசரப்பட்டால், "நீங்கள் பிளேனாலை இறங்கின உடனை ஓடினனீங்களோ?" என்று கேட்பார்.

ஈரம்தான் அவருடைய எதிரி. கையுறையோடு ஈயம் பற்றவைக்க முடியாது என்பது வேறு. அதனால்தான் கராஜின் சூட்டைப் பற்றி அவ்வளவு யோசித்தார். விறகடுப்பு வைத்தால் புகைக்கரி டெக்குக்குள் போகும். வீட்டுக் காப்புறுதிக்காரரும் சம்மதிக்கமாட்டார்கள். காஸ் சிலிண்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே அக்கா சன்னதம் ஆடினாள். மண்ணெண்ணெய் எரிந்தால் அதுவே ஈரத்தைக் கக்கும். "காற்று வேணும்" என்றும் அந்தப் பக்கத்தில் எழுதி, கீழே கோடிட்டிருந்தார். மிஞ்சியது மின்சாரம். உலர்ந்த சூடு, புகையில்லை, சத்தமில்லை. ஆனால் வீட்டிலிருந்து கராஜுக்கு வளவுக்குக் குறுக்கே கிடங்கு வெட்டி, தடித்த வயர் தாட்டுக் கொண்டுபோக வேண்டும். சரி, மின்சாரம்தான் என்று அவர் முடிவெடுத்தபோது ஓகஸ்ட். பிறகு ஹீற்றரைச் சுவரில் பூட்டுவதா நிலத்தோடு வைப்பதா என்று ஒரு மாதம். எவ்வளவு தடிப்பான வயர் என்று இன்னொரு மாதம். கடைசியில் டிசம்பரில் மின்வேலை செய்பவருக்குத் தொலைபேசி எடுத்தபோது அந்த மனிதர் வந்து பார்த்து, சப்பாத்துக் குதியால் நிலத்தை இரண்டு தரம் தட்டிக் காட்டினார். மண் குளிரில் உறைந்து இறுகிவிட்டது. இனி மே மாதம்தான் கிடங்கு வெட்டலாம்.

"ஒரு வின்ரர்தானே, பிள்ளை. சமாளிப்பம்" என்று அத்தான் என்னிடம் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒன்றோடு வந்தார். எல்லாவற்றையும் தீர யோசித்த மனிதர், தான் வேண்டாம் என்று வெட்டிய ஒன்றைக் கொண்டு வந்து இறக்கிவைத்தார்.

அவர் அதைக் கவனமில்லாமல் பாவித்தார் என்று யாரும் சொல்லக்கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கராஜின் பக்கச்சுவரில் மேலே கீல் வைத்த சின்ன யன்னல் ஒன்று இருந்தது. வெளிப்பக்கமாகத் தள்ளித் திறக்க வேண்டும். அத்தான் ஒரு மரத்துண்டை அளவாக வெட்டி வைத்திருந்தார். ஹீற்றரைப் பற்றவைத்ததும் யன்னலைத் தள்ளி அந்தத் துண்டை இடையில் வைப்பார். நாலு விரல் இடைவெளி. விரலை வைத்தும் பார்ப்பார். பிறகு வீட்டுக்குள் வந்து சாப்பிட்டு, கராஜ் சூடேறிய பிறகு போய் வேலைக்கு உட்காருவார். தினமும் அதே ஒழுங்கு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்தக் காலத்தில் அக்காவோ நானோ கராஜுக்குள் போவதில்லை, அவரும் இதையெல்லாம் சொல்லித் திரிபவர் இல்லை.

இந்த நாட்டுக்கு வந்து இறங்கும் எங்கள் ஆட்களுக்கு முதலில் கிடைக்கும் பாடம் பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கதவைச் சாத்து என்பதுதான். எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் சொன்னார்கள். ஊரில் நாள் முழுவதும் திறந்து கிடந்த கதவுகளோடு வளர்ந்த நான், முதல் மாதம் அக்காவிடம் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. இரண்டாம் வருடம் வந்தபோது நானே மற்றவர்களை ஏசும் நிலைக்கு வந்திருந்தேன். திறந்த கதவைக் கண்டால் என் கை தானாக அதைத் தள்ளும். மண்ணெண்ணெயைப் பற்றியோ எனக்குப் பயமே கிடையாது. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம்போத்தல் விளக்கை வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஓட்டு இடுக்கிலும் சுவரில் காற்றுக்கு விட்ட பூக்கல் ஓட்டைகளிலும் காற்று ஓடித்திரிந்த வீடு அது. அங்கே விளக்கு எரிந்து ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அது பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அக்கா கூழ் காய்ச்சியிருந்தாள். பானை ஆறட்டும் என்று பின்பக்கம் பனிக்குள் இறக்கி வைத்திருந்தாள். அதை எடுத்துவர என்னை அனுப்பினாள். பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கராஜின் பக்கச்சுவரைப் பார்த்தேன். யன்னல் திறந்து கிடந்தது. காற்று பனித்தூளை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. அத்தான் அப்போது வீட்டுக்குள் குளித்துக்கொண்டிருந்தார். பாவம், திறந்துவிட்டுச் சாத்த மறந்துவிட்டார், சூடு எல்லாம் வெளியே போகிறது என்று நினைத்தேன். பானையைக் கீழே வைத்தேன். மரத்துண்டை இழுத்து உள்பக்கமாகப் போட்டேன். யன்னல் உறைந்துபோய் முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்து இறுக்கிச் சாத்தினேன். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோசத்தோடு கூழை உள்ளே கொண்டுவந்தேன்.

அத்தான் இரண்டு கோப்பை கூழ் குடித்துவிட்டுப் போனார். அவருடைய மேசை எதிர்ச்சுவரோடு இருந்தது. யன்னலுக்கு முன்னால் பழைய ரீவிக் கூடுகள் அடுக்கியிருந்தன. அவர் ஏற்கெனவே திறந்துவிட்ட யன்னல். இன்னொரு தரம் திரும்பிப் பார்க்க அவருக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. மூன்று மணிபோல டெக் எடுக்க வந்த ஒருவர் கதவைத் தட்டிவிட்டுத் திறந்திருக்கிறார். அத்தான் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தாராம். அந்த மனிதர் கத்திய சத்தத்தில் நாங்கள் ஓடிப்போனோம். அதற்குள் அவர் அத்தானைக் காலில் பிடித்துப் பனிக்குள் இழுத்துப் போட்டிருந்தார். ஒரு சப்பாத்து கழன்று வாசலில் கிடந்தது.

அம்புலன்சோடு தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். வீட்டில் எங்கள் மூவரில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள் நான் மட்டும்தான். அவர்களில் ஒருவர் கராஜைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஹீற்றரின் நச்சுவாயு என்று சொல்லி, யன்னல் சாத்தியிருந்ததா என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மண்ணெண்ணெய்க்குக் கீழே "காற்று வேணும்" என்று ஒரு கோடை முழுவதும் நான் வாசித்த எழுத்து நினைவுக்கு வந்தது. "வி, ஃபெர்மே" என்றேன். ஆம், சாத்தியிருந்தது. அவர் எழுதிக்கொண்டார். யார் சாத்தியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அத்தான் பிழைத்தார். பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஆனால் போனவர் வரவில்லை. விரல்கள் நடுங்கின. பேச்சின் நடுவில் சொல் தவறி, பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதுமே அவர் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. கூழ் குடித்ததுகூடத் தெரியாது. யன்னல் சாத்தியிருந்தது என்று அக்காதான் அவரிடம் சொன்னாள். அவர் அதிக நேரம் யோசித்தார். "அப்ப நான் மறந்துபோனன் போல" என்றார்.

"போல என்ன போல? உங்களை விட்டா ஆர் அங்கை போறது?" என்று அக்கா அழுதாள். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். இரண்டு அடி தள்ளி நின்ற என்னிடம் ஒரு வசனம் இருந்தது.  அக்காவின் வீட்டில் இருந்தேன், எனக்கு வேறு போக்கிடம் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கு எப்போதும் ஒரு நாளை கிடைத்துவிடுகிறது.

எல்லாரும் நினைப்பதுபோல நடுங்கிய விரல்கள் அத்தானைத் தோற்கடிக்கவில்லை. தான் மறந்துவிட்டேன் என்ற நினைப்புத்தான் அவரைத் தின்றது. எதையும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தவர், தன் தலையை இனி நம்ப முடியாது என்று முடிவெடுத்துவிட்டார். அடுப்பை நிற்பாட்டினேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்ப்பார். தெரிந்த தெருவிலும் வழி தவறிவிடுவேன் என்று கார் ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். யாராவது எதையாவது கேட்டால் அக்காவைப் பார்ப்பார். அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்காகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். "அவரிட்டைக் குடுக்காதையுங்கோ, அவர் மறந்திடுவார்" என்று வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்வாள். அன்பாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு தரமும் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

மே மாதம் சொன்னபடியே மின்வேலை செய்பவர் மண்வெட்டும் இயந்திரத்தோடு வந்து இறங்கினார். அத்தான் வாசலுக்குப் போய், இனித் தேவையில்லை என்று சொல்லச் சொன்னார். அதையும் நான்தான் பிரெஞ்சில் சொன்னேன். அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். கராஜில் இருந்த சாமான்களை ஒவ்வொருவராக வந்து எடுத்துப் போனார்கள்.

நான் கலியாணம் செய்து புரோசார்ட்டுக்குப் போனேன். பிள்ளைகள் பிறந்தார்கள். மாதம் ஒரு தரம் அக்கா வீட்டுக்குப் போவேன். போகும் வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். திரும்பும் வழியில் அடுத்த மாதம் என்று நினைப்பேன். இப்படியே இருபது வருடங்களுக்கு மேல் ஓடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

போன வருடம் அத்தானுக்கு ஈரலில் வருத்தம் என்று கண்டு, இனி மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பின்னேரம் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தனியாக இருந்தேன். அக்கா குசினியில் நின்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அத்தான், அண்டைக்கு யன்னலை நீங்கள் திறந்துதான் வைச்சனீங்கள். நான்தான் சாத்தினனான். கூழ்ப்பானை எடுக்க வந்த நேரம் சாத்தினனான். நீங்கள் மறக்கேல்லை." மரத்துண்டைப் பற்றியும், யன்னல் முரண்டு பிடித்ததைப் பற்றியும், தோள் கொடுத்துத் தள்ளியதைப் பற்றியும், எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

 கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. நடுங்கும் கையால் என் தலையைத் தடவினார்.

"எனக்குத் தெரியும், நீ எப்பவும் இரக்கமான பிள்ளை" என்றார். "சாகப்போற மனிசன் நிம்மதியாப் போகட்டும் எண்டு சொல்லுறாய். வேண்டாம் பிள்ளை. நான்தானே மறந்தனான்."

"இல்லை அத்தான், உண்மையாத்தான் சொல்லுறன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, "இஞ்சாரும், உம்மடை தங்கச்சி செய்யிற வேலையைப் பாத்தீரே? என்ரை பிழையைத் தன்ரை தலையிலை போடுறாள்" என்றார்.

அக்கா தேத்தண்ணீரோடு வந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவள் வந்த நாளிலையிருந்து உங்கடை பக்கந்தானே" என்றாள். இருவரும் என்னை அவ்வளவு அன்போடு பார்த்தார்கள்.  தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டேன்.