தேனீச் சட்டைக்காரன் மடியில் ஒரு பிள்ளை

"உனக்கு என்னத்துக்குட்டி இந்தக் கதையெல்லாம்? வேலைக்குச் சேந்து இன்னும் நாற்காலி சூடாகல, அதுக்குள்ள கான்ஃபரன்ஸுக்குப் போனா என்ன கெடைக்கும்னு கேக்கா! போ, போயி வேலையப் பாரு."

புதிதாகச் சேர்ந்த பெண்ணை இப்படித்தான் விரட்டினேன். அவள் போகவில்லை. டீ டம்ளரோடு சிரித்துக்கொண்டே நின்றாள். கேட்கிற ஆள் நின்றுவிட்டால், சொல்லாமல் மூடிக்கொள்கிற வாய் எனக்கு வாய்க்கவில்லை.

நான் பேச்சியம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீ போடுவதும் பெருக்குவதும் என் வேலை. சீவலப்பேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். ஆற்றின்மேல் பனி படுத்திருக்கும். பாலம், பஸ், நான் எல்லாமே மிதந்து போவதுபோல இருக்கும். பாதித் தூக்கத்திலேயே ஆபீஸ் வந்துவிடும்.

மீனுக்கு அவசரம்

புன்னக்காயல் மீன் வியாபாரிகளுக்கு எங்கள் கம்பெனி ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தது. படகு கரைக்கு வந்ததும் அதில்தான் ஏலம். அதைக் கவனித்துக்கொண்டவள் மேலப்பாளையத்து ரபியா. அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: ஆப்பை ஒரே மாதிரிப் பல நகல்களாக ஓடவிட்டிருக்கிறார்கள்; ஒவ்வொரு நகலுக்கும் கன்டெய்னர் என்று பேர். போனில் கூட்டம் கூடினால் கன்டெய்னரும் தானாகக் கூட வேண்டும். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு டூல் இருக்கிறது. அதற்கு அடையாளம் மஞ்சள் தேனீ. ரபியாவின் லேப்டாப் முதுகில்கூட அந்தத் தேனீ ஒட்டியிருக்கும்.

ஆனால் அந்தத் தேனீக்கு என்ன கிறுக்கோ, கூட்டம் வந்த நேரத்தில் புதிய கன்டெய்னர் எழும்பும் முன்பே பழையதை அணைத்துவிடும். ஏலத்தின் நடுவில் ஆப் படுத்துவிடும். ரபியா எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். நிற்கவில்லை.

வியாபாரிகளின் தலைவர் நேரிலேயே வந்து முதலாளியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே, நீரு சரிபண்ணுத வரைக்கும் மீனு காத்துக் கெடக்குமா? வெயிலு ஏறுனா நாறிப்போவும். இன்னொருக்க நின்னுச்சுன்னா பெங்களூர்க்காரன்ட்ட குடுத்திருவோம், பாத்துக்கிடும்."

அவர் போனதும் முதலாளி ஜெபராஜ் சார் ரபியாவைக் கூப்பிட்டார். "இது போச்சுன்னா உனக்குக் குடுக்க இங்கன வேற வேலை இல்லம்மா."

கைப்பிள்ளைக்காரி. புருஷன் துபாயில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்ப் பிழைக்கவும் முடியாது.

அந்த டூலைச் செய்கிறவர்கள் சென்னையில் ஒரு கான்ஃபரன்ஸுக்கு வருகிறார்கள் என்று தெரிந்து, இலவச டிக்கெட்டுக்கு எழுதிப்போட்டு வாங்கிவிட்டாள்.

"எல்லாம் பெறவு யூடியூப்ல வருமே, அதுக்கு எதுக்கு மெட்ராஸ்?" என்றார் சார்.

"நான் கேள்வி கேட்டா யூடியூப் பதில் சொல்லுமா சார்?"

லீவு கிடைத்தது. பிள்ளை பால்குடி மறக்காதவன். அவள் உம்மாவுக்குக் காலில் கட்டு. ரபியா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஏசி ரயில்னா வாரேன்" என்றேன்.

நீல வெளிச்சம்

அந்த மண்டபத்தை என்னவென்று சொல்ல? உள்ளே ஒரே நீல வெளிச்சம். கால் வைத்தால் சத்தமில்லாத கம்பளம். கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் மீன்கூட்டம்போல ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் வந்தார்கள். சில்லென்ற காற்றில் பிள்ளை என் தோளில் கண்ணைச் செருகினான். எனக்கும் கனவு வந்தது. ஆற்றுப் பனியைச் சிலர் சுருட்டிச் சுருட்டி மூட்டை கட்டுகிறார்கள். இன்னொருவர் அதை அவிழ்த்துவிடுகிறார். யாருக்கும் அவசரமில்லை.

ரபியா என்னை எழுப்பினாள். முகம் செத்திருந்தது.

"தேனீக்காரங்க பேசி முடிச்சிட்டாங்க ஆச்சி. மைக் பக்கத்துல பெரிய வரிசை. கையத் தூக்குனேன், எல்லாரும் பாத்தாங்க. பாதியில எறக்கிட்டேன்."

"நாலு பேர் பாத்தா கை தேஞ்சிருமா? போ, மூஞ்சியக் கழுவிட்டு வா."

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஒருவன் காபியோடு வந்தான். தாடி, அரைக்கால் டவுசர். சட்டையில் அதே மஞ்சள் தேனீ. நான் காலை நீட்டி வழியை மறித்தேன்.

"ஏ தம்பி, எந்த ஊரு?"

"கோயம்புத்தூர் பாட்டி."

"அம்மா ஊரு?"

"அம்பாசமுத்திரம்."

"அப்படிச் சொல்லு! ஒரே ஆத்துத் தண்ணி. அப்ப நீ இவனுக்கு மாமன்லா? பிடி, ஒரு நிமிசம். வயித்தக் கலக்குது."

எங்கள் பக்கத்தில் மாமன் முறை சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு, சூடான வாணலியைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி, கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிள்ளை அவன் கழுத்து அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று நானும் ஒரு காபி குடித்தேன்.

ரபியா வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

"சாரி சார், ஆச்சி எங்க?"

"தெரியலங்க. இவன் அட்டைய விடமாட்டேங்கறான்."

வேறு வழியில்லாமல் அவளும் கம்பளத்தில் உட்கார்ந்தாள். வரிசை இல்லை, மைக் இல்லை. லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். அவன் பிள்ளையை மடியில் ஆட்டிக்கொண்டே பார்த்தான்.

"அட, இதா? இது எங்க தப்புதாங்க. இந்த வெர்ஷன்ல பழசக் கொஞ்சம் முன்னாலயே அணைச்சிரும். ரெண்டொருத்தர் சொன்னாங்க. எழுதிப் போடணும்னு நினைச்சுட்டே இருக்கோம்."

எங்கும் எழுதாத விஷயம். அவள் எங்கே தேடிக் கிடைத்திருக்கும்? அங்கேயே ஒரு செட்டிங்கை மாற்றச் சொன்னான். ரபியா அழுதாளா சிரித்தாளா என்று தூணுக்குப் பின்னாலிருந்து சரியாகத் தெரியவில்லை.

அடுத்த ஏலம் நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை. தலைவர் ஒரு கூடை மீன் அனுப்பினார். ரபியாவின் வேலையும் தப்பியது.

புதுப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: மேடையில் பேசுவது பிறகு வீடியோவில் வந்துவிடும். நடைபாதையில் காபியோடு போகிற ஆள் வீடியோவில் வரமாட்டான். அவனை வழிமறிக்கத்தான் ரயில் ஏறிப் போகவேண்டும்.

சென்னையிலிருந்து நான் ஊர் திரும்பிய அன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரிகள் இப்படித்தான் சூழ்ந்துகொண்டார்கள். "மெட்ராஸ்ல என்ன சோலிக்குப் போன?"

"கம்பெனிக்கு ஒரு ஆளு தேவப்பட்டான். அவனப் பிடிச்சுக் கட்டிப்போடப் போனேன்."

"அடியாத்தி! எதவச்சுக் கட்டுன?"

"பல்லு மொளைக்காத ஒருத்தன வச்சு" என்றேன்.