நாளைக்கு வந்து பாருங்க

ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்குப் பெயர் கொசு. குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று வார்டுப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். யாருக்காவது நரம்பு அகப்படவில்லை என்றால் டாக்டர்களே "கொசுவைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு காய்ச்சலில் விழுந்தாள். காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. களைப்பு என்று சொன்னதுமே "எனக்குந்தான் டயர்டா இருக்கு" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது தூங்கி எழுந்தால் தீருகிற களைப்பா? ஒரு நாள் சற்று நடமாடினால் மறுநாள் டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. பேச்சுச் சத்தமே அவளுக்கு வலிக்கும். ரத்தப் பரிசோதனையில் எல்லாமே நார்மல். கடைசியில் ஒரு டாக்டர் நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். "சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பேரா?" என்றார் அவள் மாமியார்.

அக்கா சும்மா சம்பளம் கேட்கவில்லை. அரைநாள் உட்கார்ந்து, ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டும் வேலையைக் கேட்டாள். கொடுக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். முடிவு சொல்ல வேண்டியது அதே ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு. நேரில் வரவேண்டும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கப் படுத்தே கிடந்து உடம்பைச் சேமித்தாள். நான் தலைவாரி, நல்ல புடவை கட்டிவிட்டு அழைத்துப்போனேன். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

"நடந்துதானே வந்தீங்க? முகமும் தெளிவா இருக்கு" என்றார் குழுத் தலைவர். "எழுந்து நடமாடினா எல்லாம் சரியாயிடும்மா."

"இன்னைக்கு நல்லாதான் இருக்கேன் டாக்டர். நாளைக்கு வந்து பாருங்க" என்றாள் அக்கா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் தள்ளாடியிருந்தாலாவது இரங்கியிருப்பார்கள்.

தலைவர் சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் அக்கா இருட்டறையில் கிடந்தாள். தண்ணீரை ஸ்பூனால் ஊட்டினேன். விழுங்கக்கூடத் தெம்பில்லாமல் வாயோரம் வழிந்தது. வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித்தான். மாலைவரை பார்த்தேன், ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பொறுக்கமாட்டாமல் வாசலுக்கு வந்து தலைவருக்கு போன் போட்டேன்.

"வீட்டுக்கெல்லாம் எப்படிம்மா வர்றது? காலையிலேருந்து ஓ.பி. பார்த்து அலுத்துப் போயிருக்கேன். எங்க உடம்பும் தாங்கணுமில்ல?"

"தாங்காதுதான் டாக்டர். நீங்க முடியலைன்னு சொன்னதும் நான் நம்பிட்டேன் பாருங்க. ரத்தம் கேக்கல, ரிப்போர்ட் கேக்கல, நேர்ல வந்து நடந்து காட்டுங்கன்னும் கேக்கல."